இரண்டாவது மாத்திரை

“தாத்தா, உங்க நெஞ்சுக்குள்ள யாரு ஓடுறா?”

விடுமுறைக்கு வந்த பேத்தி, அவர் மார்பில் காதை வைத்துப் படுத்திருந்தபோது கேட்டாள்.

சிரித்து மழுப்பினார். அந்த ஓட்டம் அவருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

இப்போது விடிகாலை ஐந்தரை. கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அடுப்படியில் செசிலி பால் காய்ச்சுகிறாள்.

மறுபடி வருவாள். கையில் இன்னொரு மாத்திரை இருக்கும்.

பயமாக இருந்தது.

கணவன், மனைவி இருவருக்கும் தைராய்டு குறைவு. ஒரே அளவு மாத்திரை, ஒரே டப்பா. காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும். செசிலிதான் இரண்டு எடுப்பாள். ஒன்றை அவரிடம் தருவாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டுக்கொள்வாள்.

பன்னிரண்டு வருடப் பழக்கம்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள், பாலை வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“என்னங்க, இன்னும் மாத்திர போடலையா? இந்தாங்க.”

“இப்பத்தானே தந்த? போட்டுட்டேனே.”

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிய பிள்ளையின் கண்கள்.

அந்தக் கண்களை இன்னொரு முறை பார்க்க அவருக்குத் தைரியமில்லை. மறுநாளும் அவள் இரண்டாவதாக ஒன்றை நீட்டியபோது பேசாமல் வாங்கி விழுங்கினார். அதற்கடுத்த நாளும்.

ஞாபகப் பிசகில் டப்பாவிலிருந்து கூட ஒன்று எடுத்துவிடுகிறாள் என்றே நினைத்தார். கடுகத்தனை மாத்திரை. அவள் மனம் நோகாமல் இருக்கட்டும்.

அவர் கை நடுங்கத் தொடங்கியது. நான்கு படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அவள் மந்தமானாள். வெயிலிலும் போர்வை கேட்டாள். ஒரு ஞாயிறு, தேவாலயப் பூசையில் நாக்கை நீட்டி நற்கருணை அப்பம் வாங்கிவிட்டு வரும் வழியில், நம் வீடு எந்தத் தெரு என்று கேட்டு நின்றாள்.

நேற்று இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டரம்மா இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அய்யாவுக்கு மருந்து ரொம்பக் கூடிப்போச்சு. அம்மாவுக்கு மருந்தே போகாத மாதிரி இருக்கு. ஒழுங்காப் போடுறீங்களா?”

“நான்தான் டாக்டர் என் கையால எடுத்துக் குடுக்கேன்” என்றாள் செசிலி. “ஒரு நாளு தப்பினது கிடையாது.”

அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

கூட எடுத்ததல்ல. அது அவளுடையது.

தொண்ணூறு நாள் அவள் பங்கைத் தின்றிருக்கிறார். அன்பு என்று நினைத்துக்கொண்டு.

செசிலியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார். கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்லி மறுபடி உள்ளே போனார். குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வதுபோல எல்லாவற்றையும் சொன்னார்.

டாக்டரம்மா திட்டவில்லை.

“அளவ மாத்த வேண்டாம். அவங்கவங்க மாத்திர அவங்கவங்க வாயில போகட்டும். ரெண்டு மாசம் கழிச்சுப் பார்ப்போம்.”

“அவ மறதி?”

“இதனாலயும் இருக்கலாம். வேற எதாவதாவும் இருக்கலாம்.”

வேறு ஏதாவது. அந்த வார்த்தையோடுதான் இரவு படுத்தார். அதோடுதான் எழுந்தார்.

காலடிச் சத்தம் நெருங்கியது.

“என்னங்க, இன்னும் போடலையா? இந்தாங்க.”

போட்டுவிட்டேன் என்றால் அந்தக் கண்கள். வாங்கி விழுங்கினால் அவளே மிஞ்சமாட்டாள்.

“என்ன முழிக்கீங்க? சின்னப் பிள்ளையாட்டம்!”

வாங்கினார். எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியவில்லை. மாத்திரையை இரு விரல்களில் பிடித்து அவள் முகத்துக்கு நேரே தூக்கினார்.

வெள்ளையாக, வட்டமாக, சின்னதாக.

செசிலியின் கைகள் தாமாகக் குவிந்தன. கண்கள் மூடின.

“ஆமென்” என்று முணுமுணுத்து நாக்கை நீட்டினாள்.

நடுங்கும் விரலால் அதில் வைத்தார். தண்ணீர் தம்ளரை அவள் உதட்டில் சாய்த்துப் பிடித்தார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

“ஐயோ, பால்!” என்று திரும்பி ஓடினாள்.

அவர் குருவானவராக நின்றதை யாரும் பார்க்கவில்லை. அடுப்படிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவளும் மறந்திருப்பாள்.

இதை மட்டும் அவள் மறக்கட்டும் என்று, முதன்முறையாக, அவர் வேண்டிக்கொண்டார்.