நூற்று முப்பத்தைந்து பவுண்டு

ஹில்க்கா தராசில் ஏறி நின்றாள். முள் ஆடி ஆடி நூற்று அறுபத்தேழு பவுண்டில் போய் நின்றது. அந்த இன்னொருத்தி நூற்று முப்பத்தைந்துதான்.

விமானி கிளேட்டன் குனிந்து எண்ணைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டார். சாலை போகாத ஏரிக்கு மிதவை விமானத்தில் போகிறவர்களை மூட்டையோடு சேர்த்து நிறுத்துத்தான் ஏற்றுவார்கள். அந்தப் படகுத்துறையில் யாரும் அதற்கு வெட்கப்படுவதில்லை.

அடுத்த விமானத்துக்கு நான்கு மினசோட்டாக்காரர்கள் பன்னிரண்டு பெட்டி பீரோடு காத்திருந்தார்கள். அவர்களில் தடித்தவரைப் பார்த்து, "ஒண்ணு பீரை இறக்கு, இல்லைன்னா நீ இறங்கு" என்றார் கிளேட்டன். அந்த ஆள் நண்பர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் யோசிக்கவே இல்லை. "இவனை இறக்கிடுங்க."

ஹில்க்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் கணவன் ஒலாவி ஜனவரியில் இறந்துபோனான். ஏப்ரலில் இந்தப் படகுத்துறை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "வழக்கம்போல ஜூன் மூணாவது வாரம், ரெண்டு பேர்தானே? நூத்தித் தொண்ணூறு, நூத்தி முப்பத்தஞ்சு. பத்தொன்பது வருஷமா இதேதான் எழுதியிருக்கு. ஏதாவது மாத்தணுமா?"

மாற்ற வேண்டாம் என்று சொல்லி போனை வைத்துவிட்டு ஹில்க்கா சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தனியாக மீன் பிடிக்கப் போகிறேன் என்றுதான் ஒவ்வொரு வருடமும் சொல்லிவிட்டுப் போனான். பத்தொன்பது வருடத்தில் ஒரு பவுண்டுகூடக் கூடாத பெண் எப்படி இருப்பாள் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருந்தாள்.

முதல் வருடம் இவளையும் கூப்பிட்டான், இல்லையென்று சொல்ல முடியாது. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவளை இடுப்பைப் பிடித்து அலாக்காகத் தூக்கி, "வர்றியா? உன்னையும் மூட்டையோட கட்டிடறேன்" என்றான்.

"கொசுவுக்கு நீ ஒருத்தன் போதும். இறக்கி விடு."

இறக்கி விட்டான். இரண்டாம் தரம் கேட்கிற பழக்கம் ஒலாவிக்குக் கிடையாது. மறு வருடம் கேட்டிருந்தால் போயிருப்பாள். அவன் மூட்டை கட்டும்போது கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் கேட்கவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவன் இல்லாத அந்த ஏழு நாளும், பத்து மணி வரை இருட்டாத வெளிச்சத்தில், ஒற்றைத் தட்டை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துச் சாப்பிடுவாள்.

தூண்டில் பெட்டியின் மூடிக்குள் அவன் கையெழுத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. படுக்கைப் பை, மழைக்கோட்டு, கொசுவலைத் தொப்பி, மாற்றிக்கொள்ள ஒரே ஒரு சட்டை. கனம் குறையட்டும் என்று பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூடப் பாதியாக அறுத்து வைத்திருந்தான். அத்தனை சிக்கனத்துக்கு நடுவில், காப்பிக் கோப்பை இரண்டு என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, ஏலக்காய் ரொட்டி இரண்டு. தன் கையால் சுட்டு அனுப்பிய ரொட்டியை எவளோ பாதி தின்றிருக்கிறாள் என்பதைத்தான் ஹில்க்காவால் தாங்க முடியவில்லை.

நேற்று அவளும் அந்தப் பட்டியலைப் பார்த்தே மூட்டை கட்டினாள். கோப்பை இரண்டையும் வைத்தாள். ஏரிக்கரையில் அவன் தங்கிவந்த குடிசையில் தேடினால் ஒரு சீப்போ கொண்டை ஊசியோ கிடைக்காமலா போகும்?

கிளேட்டன் இப்போது அவள் மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்தார். முப்பத்திரண்டு பவுண்டு.

"அச்சு அசல் ஒலாவி கட்டுன மூட்டை. ஆளுக்கு நூறு பவுண்டு வரைக்கும் கொண்டுவரலாம்னு எத்தனையோ தரம் சொல்லியிருக்கேன், காதுலயே வாங்கமாட்டாரு." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எங்க அவரு, கார்லயா?" என்று கேட்டார்.

ஜனவரி மாதத்து விஷயத்தை அவள் இரண்டே வாக்கியத்தில் சொன்னாள், தான் யார் என்பதையும். கிளேட்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். துறையின் பலகைகளுக்கு அடியில் தண்ணீர் தட்டிக்கொண்டிருந்தது.

குடிசையைப் பார்க்கும் வரை எதையும் கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் இந்த மனிதர் எல்லாவற்றையும் பார்த்திருப்பார்.

"அந்த நூத்தி முப்பத்தஞ்சு பவுண்டு யாரு?" என்றாள். "மறைக்காம சொல்லுங்க. அவரே போயிட்டாரு."

கிளேட்டன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விமானத்தின் கதவைத் திறந்து, தன் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த இருக்கையைக் காட்டினார்.

"இதுல யாரும் வந்ததே இல்லை, மிஸஸ் ஹொங்கா. அவரு பின்னாடி உக்காந்துக்குவாரு. இதுல ஒரு பெட்டியை வைக்கக்கூட விடமாட்டாரு. கடைசி நிமிஷத்துல வந்துட்டா எடம் வேணுமே, கனமும் தாங்கணுமேன்னு சொல்வாரு."

"யார் வந்துட்டா?" என்றாள்.

"அதை நான் கேக்கலை. வராத ஆளோட எடை உங்களுக்கு எப்படித் தெரியும்னுதான் அவருகிட்ட கேட்டேன்." கிளேட்டன் தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார். "'மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தா, ஒரே ஒரு தரம் தூக்கிப் பார்த்தேன்'னாரு."