பெருக்கல் குறியிட்ட இடம்

"இது ஆகாதுலே. பாசி பிடிச்சுக் கெடக்கு."

"வெயிலடிச்சா காஞ்சிரும்."

"இந்தச் சாரல்ல எங்கலே வெயிலு? ஒன் ரஷ்யாவுலயா?"

ஜெயசிங் அப்படித்தான். நான் ரஷ்ய மொழிபெயர்ப்பு நாவல்கள் வாசிப்பதை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது குத்திக்காட்டுவான்.

கையிலிருந்த தாளில், ஆய்வுக்கூடத்துப் பின்பாதைக்கு நேராக ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

கல்லூரி திறக்க இன்னும் மூன்று நாள். ஆளில்லாத வளாகத்தில் நாங்கள் இரண்டு பேரும் காலையிலிருந்து நல்ல தரை தேடிக்கொண்டிருந்தோம்.

எங்களிடம் ஒரு பேரிங் வண்டி இருந்தது. இரண்டு முழ அயினி மரப் பலகை. அடியில் சக்கரங்களாக, பஸ் பட்டறையில் கழித்துப் போட்ட நான்கு பேரிங்குகள். வகுப்பு நேரத்தில் கடகடவென்று சத்தம் வரக்கூடாதென்று, குலசேகரத்திலிருந்து ரப்பர் ஷீட் வாங்கி வந்து, பட்டையாக வார்ந்து, சக்கரங்களின் மேல் சுற்றியிருந்தான் ஜெயசிங்.

வண்டி அவனுடைய அக்காவுக்கு.

ஜெயபாயக்காவுக்கு நாலு வயதில் வந்த காய்ச்சல் போகும்போது இரண்டு கால்களின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போனது. வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதினாள். எங்கள் இரண்டு பேரையும்விட மார்க் அதிகம்.

பிரின்சிபால் இடம் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. பெண்பிள்ளையை யாரும் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடக்கக்கூடாது, தம்பியானாலும். திங்கட்கிழமை முதல் மணிக்கு, வாசலிலிருந்து நாலாம் நம்பர் வகுப்புக்கு அவளே வந்து சேரவேண்டும்.

வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு.

ஒவ்வொரு பாதையையும் நான்தான் ஓட்டிப் பார்த்தேன். ஜெயசிங் கனத்த ஆள். அக்காவைப்போலக் கால்களை மடக்கி உட்கார்ந்து, இரண்டு கைகளிலும் மரக்கட்டைகளைப் பிடித்துத் தரையில் உந்தி உந்திப் போனேன். மாணவர் போராட்டத்தின்போது கரியால் கோஷம் எழுதிய மதிலோரம், நல்லது. நூலக வராந்தா, மெழுகு தேய்த்த சிவப்புத் தரை, மிக நல்லது. படி வருமிடத்தில் பலகை சாய்க்கவேண்டும்.

ஜெபக்கூடத்துக்கு முன்னால் அந்தச் சரிவு இருந்தது.

நீண்ட சிமெண்ட் சரிவு. மைதானத்து மணலில் போய் முடியும்.

முதல் தடவை சோதனைக்காகத்தான் போனேன்.

இரண்டாம் தடவை எதற்காக என்று ஜெயசிங் கேட்கவில்லை. ஆறாவது தடவை வண்டி கவிழ்ந்து முழங்கையில் தோல் போனது.

நானும் அக்காவும் ஒரே நாவல்களை வாசிப்பவர்கள். நூலகத்திலிருந்து எடுத்து ஜெயசிங் கையில் கொடுத்தனுப்புவேன். ஒன்றில், உறைந்துபோன குளத்தின்மேல் ஆணும் பெண்ணும் சறுக்கிப் போவார்கள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அக்கா பென்சிலால் எழுதியிருந்தாள்: காதில் என்ன சத்தம் கேட்டிருக்கும்?

நான் பார்த்த ஐஸ், சர்பத் கடையில் உமிக்குள் புதைத்து வைத்திருக்கும் கட்டிதான்.

சரிவில் போனபோது அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. தாளில் சரிவுக்கு நேராக இரண்டு பெருக்கல் குறி போட்டேன்.

"அக்கா இந்தப் பக்கமே வரப்பிடாது" என்றான் ஜெயசிங்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாயங்காலம் அக்காவை வில்வண்டியில் கூட்டிவந்தோம். வாசலில் இறக்கிவிட்டதோடு சரி. பிறகு நாங்கள் தொடவில்லை. மதிலோரம், பலகை, வராந்தா. வளைவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். பதினோரு நிமிஷத்தில் நாலாம் நம்பர் வகுப்புக்குள் போய்க் கரும்பலகைக்குக் கீழே வண்டியைத் திருப்பினாள்.

அழுவாள் என்று நினைத்தேன்.

"இம்புட்டுப் பாடுபட்டு வந்தா, பெஞ்சுக்கு ஒரு காலக் காணோம். எனக்குத் தொணைக்குப் போட்டிருக்காவளோ?" என்றாள்.

ஜெயசிங் சிரித்துக்கொண்டே வெளியே பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அவள் தாளைக் கேட்டாள். மேலிருந்து கீழே வாசித்தாள். ஒரு வரியில் நின்றாள். பிறகு என் முழங்கையைப் பார்த்தாள்.

"லே மணி, இது எங்க விழுந்தது?"

முழங்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"எத்தன தடவ போன?"

"ஆறு."

திரும்பும்போது அவள் வாசல் பக்கம் போகவில்லை. வராந்தா முனையில், ஜெபக்கூடத்துப் பக்கமாக உந்தினாள். ரப்பர் சக்கரங்களில் சத்தமே இல்லை. நாங்கள் பின்னால் ஓடினோம்.

சரிவின் உச்சியில் நின்றிருந்தாள். மேற்கே மழை கருத்துக்கொண்டு வந்தது. கீழே மணல்.

"ஏக்கா, வேண்டாம். பலகை ஒடஞ்சா நாளைக்கு என்ன செய்வ? வேற பேரிங் கெடைக்காது. ஒனக்கு என்னமும் ஆச்சுன்னா..."

தம்பி சொன்னதை முழுக்கக் கேட்டாள். தலையைக்கூட ஆட்டினாள்.

பிறகு கைக்கட்டைகள் இரண்டையும் என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அவள் உள்ளங்கைகள் சிவந்திருந்தன. பலகையின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டு, காதுக்கு மேல் விழுந்திருந்த முடியைத் தோளால் ஒதுக்கினாள்.

"ஒரு தள்ளு தள்ளிட்டுக் கைய எடுத்திரு, மக்கா."