ஹீட்டர் பக்கத்து இறக்கை

"ஹீட்டர் பக்கத்து மேசையை உனக்குன்னே பட்டா போட்டுக் குடுத்திருக்காங்களா?"

மனுவேல் கேட்டது சுகன்யாவின் காதில் விழவில்லை. விழக்கூடாது என்றுதான் அவரும் வாய்க்குள்ளேயே கேட்டார்.

கொடைக்கானல் பக்கம் அட்டுவம்பட்டியில் ஒரு ரிசார்ட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு மர விமானம் செய்யச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. சீசன் கூட்டத்தைச் சமாளிக்கப் பூம்பாறையிலிருந்து சுகன்யாவையும் சேர்த்தார்கள். இப்போது சீசன் முடிந்துவிட்டது.

"இனிமே ஒருத்தர் போதும். ரெண்டு பேரும் ஒரே அளவுல, ஒரே சிவப்புத் தாள்ல ஆளுக்கொரு விமானம் செய்யுங்க. நாலு நாள் கழிச்சுப் பாத்துட்டு முடிவு பண்றேன்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மரச்சட்டம் செய்வதில் மனுவேலை அடிக்க ஆளில்லை. தாள் ஒட்டுவதில்தான் வந்தது வினை. சட்டத்தின் மேல் மெல்லிய டிஷ்யூ தாளை ஒட்டி, தண்ணீர் தெளித்துக் காயவிட்டால், தாள் சுருங்கி விறைப்பாக வேண்டும். சுகன்யாவின் இறக்கை மேளத்தோல் மாதிரி நின்றது. இவருடையதில் ஓரத்தில் ஒரு சுருக்கம் அடம்பிடித்தது.

"தாள இழுத்து ஒட்டாதீங்கண்ணே. சும்மா படிய வச்சாப் போதும், மிச்சத்தத் தண்ணி பாத்துக்கிரும்" என்றாள் அவள்.

நேற்று வந்தவள், எனக்கே பாடமா? மனுவேலுக்கு வயிறு எரிந்தது.

இன்றைக்கு வார்னிஷ் பூச வேண்டும். அறையில் இருப்பதோ ஒரே ஒரு ஹீட்டர். வெள்ளனே வந்து பூசி முடித்த சுகன்யா, அதன் பக்கத்தில் தன் இறக்கையை வைத்துவிட்டாள். மனுவேல் தன்னுடையதைப் பூசி மூலை அலமாரியில் வைத்துவிட்டு டீக்கடைக்கு நடந்தார்.

"நல்ல எடத்த வளைச்சுப் போட்டுருச்சுய்யா. சுயநலம் புடிச்ச புள்ள!" என்று வாட்ச்மேன் நல்லசாமியிடம் கொட்டித் தீர்த்தார்.

திரும்பும்போது பனிமூட்டம் இறங்கியிருந்தது. வெளியே நின்று ஜன்னல் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். அறையில் ஆளில்லை. ஹீட்டர் பக்கத்தில் சிவப்பு இறக்கை சொகுசாகக் கிடந்தது.

வார்னிஷ் காயும்போது ஈரக்காற்று பட்டால் வெள்ளை பூத்துவிடும். கொடைக்கானலில் இந்த வேலை தெரிந்த யாரும் மூட்டத்தில் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள்.

மனுவேல் வெளியே நின்றபடியே திறந்தார். பிறகு ஒன்றும் தெரியாதவர்போல் சாப்பிடப் போய்விட்டார்.

அவர் திரும்பி வந்தபோது சுகன்யா அந்த ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள். மேசையில் இருந்த இறக்கை திட்டுத்திட்டாக வெளுத்துப்போயிருந்தது. மனுவேலின் மனசு குளிர்ந்தது.

முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "அடடா! என்னம்மா ஆச்சு?" என்றார்.

அவள் கண் கலங்கிவிட்டது.

"என்னோடது வெரசாக் காஞ்சிருச்சுண்ணே. உங்களது மூலையில ஈரமாக் கெடக்கேன்னு நாந்தேன் எடுத்து ஹீட்டர்கிட்ட வச்சுட்டுப் போனேன்."

மனுவேல் அலமாரியைப் பார்த்தார். அங்கே சுகன்யாவின் இறக்கை பளபளவென்று இருந்தது.

"ஜன்னல நல்லாச் சாத்திட்டுத்தேன் போனேன். யாரோ வேணும்னே தொறந்து விட்டுருக்காங்கண்ணே" என்றவள், ஆறாமல் கேட்டாள்:

"உங்க மேல யாருக்குண்ணே இம்புட்டுப் பொறாமை?"