குல்லா வைத்த கோட்டு

"இந்தத் தடவையும் தலையை வெட்டிட்டாங்கங்க!"

மனைவி போட்ட அலறலில், ஓடாத மின்விசிறியைக் கழற்றி மடியில் வைத்திருந்த கணவரின் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் நழுவியது. வெட்டுப்பட்டது போனில் வந்த படத்தில் இருந்த ஆளின் தலைதான் என்று தெரிந்ததும் அவருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"கோட்டு முழுசாத் தெரியுதில்ல? அப்புறம் தலை எதுக்கு?"

அது ஒரு வெளிநாட்டுக் கடையில், அந்த நாட்டில் மட்டுமே விற்கிற குளிர்க் கோட்டு. கடைக்காரர்கள் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். அங்கே கிடங்கு வைத்திருக்கும் ஒரு பார்சல் கம்பெனிதான் வாங்கி, கிடங்கு ஊழியர் ஒருவரைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, படம் எடுத்து அனுப்பும். வாங்கியவர் சரி என்று சொன்ன பிறகே பெட்டி கட்டுவார்கள்.

முதல் கோட்டை அவள் தன் தம்பி மலை ஊருக்குச் சுற்றுலா போனபோது அவனுக்காக வாங்கினாள். அதோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை, இது ஆறாவது.

இவர்கள் ஊர் வெயிலில் பனியனே பாரம். நடுவில் வந்த நாலு கோட்டும் உறைகூடப் பிரிக்காமல் பீரோவில் மூச்சு முட்டிக் கிடந்தன. போதாக்குறைக்கு எல்லாம் ஒரே அளவு. கணவரின் தொந்திக்குப் பித்தான் எட்டாது, அவளுக்கோ முழங்காலைத் தாண்டித் தொங்கும்.

"புடவைப் பைத்தியம் பார்த்திருக்கேன், நகைப் பைத்தியம் பார்த்திருக்கேன். குளிரே இல்லாத ஊர்ல கோட்டுப் பைத்தியம் நீ ஒருத்திதான்."

அவள் காதில் வாங்கவில்லை. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு இதற்காகவே உட்கார்ந்திருக்கிறாள். பார்சல் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

எடுத்தது வழக்கமாகப் பேசுகிற தமிழ்ப் பெண். "அம்மா, எங்க ஆளுங்க முகம் தெரியக்கூடாதுங்கறது கம்பெனி ரூல். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"தெரியும் கண்ணு. அதனாலதான் இந்த வாட்டி குல்லா வச்ச கோட்டாப் பார்த்து எடுத்தேன். நீங்க குல்லாவை முதுகுல தொங்க விட்டுட்டு எடுத்திருக்கீங்க. தலைல போடாம அது எப்படி உட்காருதுன்னு நான் எங்க போய்ப் பார்ப்பேன்?"

நியாயமான கேள்விதான்.

"சரி, குல்லாவைப் போட்டுப் பின்பக்கமா எடுக்கச் சொல்றேன்."

"பின்பக்கம் வேண்டாம்! காதை மூடுதா, நெத்தி மறையுதான்னு பார்க்கணும். அப்புறம், எப்பவும் போடுவாரே, சுண்டுவிரல் கோணலா இருக்கிறவர், அவரே போடட்டும். அவருக்குத்தான் அளவு சரியா இருக்கு."

"அம்மா, இன்னும் அரை மணி நேரத்துல அவங்க ஷிஃப்ட் முடிஞ்சிடும். நாளையிலேருந்து ஆள் போட்டுக் காட்டறதையே நிறுத்தறாங்க. இனிமே பொம்மைக்கு மாட்டித்தான் படம்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

"பொம்மையா? ஐயோ, வேண்டாம் கண்ணு! உன் கால்ல வேணாலும் விழறேன். இந்த ஒரு தடவை, ஒரே ஒரு படம்..." அதற்கு மேல் முடியாமல் தேம்பித் தேம்பி அழுதாள். கோட்டுக்காக இப்படி அழுகிற ஆளை அந்தப் பெண் கண்டதில்லை. லைனில் இருக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

கணவருக்குப் பொறுமை போய்விட்டது. "எவனோ ஒருத்தன் தலை தெரியலைன்னு யாராவது அழுவாங்களா? மானத்தை வாங்காதே. இதோட சரி. இனிமே இந்த வீட்டுக்குள்ள கோட்டுன்னு ஒண்ணு வந்துது, நான் வெளியே போயிடுவேன்."

"நீங்களுமா?" என்றாள் அவள்.

இன்னும் ஒரு வார்த்தை பேசினால், நாலு வருஷமாக அந்த வீட்டில் எடுக்கக்கூடாத பேச்சை எடுத்ததாகிவிடும். வாயை மூடிக்கொண்டாள். அவரும் குனிந்து மின்விசிறியின் திருகாணியைத் தேட ஆரம்பித்தார்.

கால் மணி நேரம் கழித்து அந்தப் பெண்ணின் குரல் திரும்ப வந்தது.

"ஒத்துக்கிட்டார்மா. முதல்ல முடியவே முடியாதுன்னார். கிடங்குல வாங்கறவங்க பேரெல்லாம் தெரியாது, ஆர்டர் நம்பர்தான். இப்படி யார் கேக்கறாங்கன்னார். சரின்னு உங்க பேரைச் சொன்னேன். எந்த ஊருன்னும் கேட்டார். அப்புறம் அவரே குல்லாவை எடுத்துப் போட்டுக்கிட்டு, எடுங்கன்னுட்டார். அனுப்பிட்டேன், பாருங்க."

படம் வந்தது. திறந்தாள், பார்த்தாள். நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காட்டு அந்தக் கண்றாவியை!" கணவர் போனைப் பிடுங்கினார். நெற்றியில் கிடந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். கிரீஸ் விரலால் படத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார்.

"என்னடி, நம்ம பையன் இப்படி இளைச்சுப் போயிட்டான்?"