எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள்

“புத்தகத்தை எப்படிப் பிடிக்கணும்னே இந்தப் பொண்ணுக்குத் தெரியலையே, டீச்சர்!”

ஆய்வு அதிகாரி இதை மூன்றாம் வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னார். மெதுவாகப் பேசி அவருக்குப் பழக்கம் இல்லை.

அவர் முன்னால் இரட்டைச் சடைக்காரி ஒருத்தி நின்றிருந்தாள். எட்டு வயது இருக்கும். அவர் உறையைக் கிழித்து எடுத்து நீட்டிய சின்ன வாசிப்புப் புத்தகத்தை வாங்கினாள். ஒரு தடவை உற்றுப் பார்த்தாள். பிறகு நிதானமாக அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி அதை வாங்கி நேராக வைத்துக் கொடுத்தார்.

“இப்பப் படி.”

“கு... ரு... வி...”

“போதும் போதும்.”

படிவத்தின் முதல் கேள்வியே அதுதான். ‘குழந்தைக்குப் புத்தகத்தைச் சரியாகப் பிடிக்கத் தெரிகிறதா?’ ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார்.

அடுத்து அவளுடைய பக்கத்து சீட்டுக்காரி வந்தாள். அவளும் வாங்கின கையோடு புத்தகத்தைத் தலைகீழாக்கினாள். இன்னொரு டிக்.

போன வருஷம் இந்தப் பள்ளிக்கு ‘சி’ தரம். இந்த வருஷமும் ‘சி’ வந்தால் இழுத்து மூடிவிடுவார்கள். அறுபத்திரண்டு பிள்ளைகளும் லாரி ஓடுகிற பெரிய சாலையைத் தாண்டி அடுத்த பள்ளிக்குப் போக வேண்டும். பாதிப் பேர் போக மாட்டார்கள். இது தலைமை ஆசிரியைக்குத் தெரியும். அதிகாரிக்கும் தெரியும். ஆனால் பரிதாபப்படுவதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாதே!

“சார், அந்த முதல் பொண்ணை ஒரே ஒரு தடவை அவ இஷ்டத்துக்குப் பிடிக்க விடுங்களேன்” என்றார் தலைமை ஆசிரியை. அந்த வகுப்புக்குப் பாடம் எடுப்பதும் அவர்தான்.

“எதுக்கு? சர்க்கஸ் காட்டவா?”

கேட்டாரே தவிர, புத்தகத்தைக் கொடுத்தார்.

இரட்டைச் சடை அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். கடகடவென்று படித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், கேள்வி வந்த இடத்தில் குரலை உயர்த்தினாள். குருவி கூட்டை விட்டுப் பறந்துபோகிற கடைசி வரியில் கொஞ்சம் வருத்தப்படவும் செய்தாள்.

“மனப்பாடம்!” என்றார் அதிகாரி.

“நீங்க இப்பதானே சார் உறையைக் கிழிச்சு எடுத்தீங்க?”

அதிகாரி குனிந்து சிறுமியிடமே கேட்டார்.

“ஏம்மா, தலைகீழாப் படிக்க எங்க கத்துக்கிட்டே?”

“நாங்க ரெண்டு பேரும் எதிர்ப்பக்கம், சார்.”

“எதிர்ப்பக்கம்னா?”

அவள் மேஜையைக் காட்டினாள். ஒரு மேஜைக்கு நாலு பிள்ளைகள். இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். நடுவில் ஓரம் கிழிந்த ஒரே ஒரு புத்தகம். வகுப்பில் எல்லா மேஜையிலும் அப்படித்தான் இருந்தது. காலையிலிருந்து அவர் கண்ணெதிரேதான் இருந்தது. படிவத்தில் அதைப் பற்றிக் கேள்வி இல்லாததால் அவர் பார்க்கவில்லை.

“அவங்களுக்கு நேரா இருந்தா எங்களுக்குத் தலைகீழாத்தானே சார் இருக்கும்?”

“மாறி மாறி உக்காரக் கூடாதா?”

“உக்காந்து பாத்தோம் சார். இவங்களுக்குத் தலைகீழா வரவே இல்ல. அழுதுட்டாங்க. அதான் நாங்களே அந்தப் பக்கம் போயிட்டோம்.”

ஏதோ பென்சிலைக் கடன் கொடுத்தது மாதிரி சொன்னாள். அதிகாரிக்குப் பரிதாபமாக இருந்தது. அவருக்கு இப்படியெல்லாம் ஆவது வழக்கமில்லை. வழக்கமில்லாதது வந்ததும் வழக்கமான கோபத்தைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

“என்ன டீச்சர் இது அநியாயம்? சின்னப் பிள்ளைங்களை இப்படியா வதைக்கிறது? புத்தகம் வேணும்னு கேட்டு வாங்க வேண்டியதுதானே?”

“மூணு தடவை எழுதிக் கேட்டேன், சார்.”

“என்ன பதில் வந்தது?”

தலைமை ஆசிரியை தன் மேஜையில் போய் உட்கார்ந்தார். இழுப்பறையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார். அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

“‘சி தரம் பெற்ற பள்ளிகளில் வாசிக்கத் தெரிந்த மாணவர்கள் குறைவு என்பதால், நால்வருக்கு ஒரு புத்தகம் போதுமானது.’ இவ்வளவுதான் சார்.”

“எந்த மடையன் இப்படி எழுதினான்?”

தலைமை ஆசிரியை ஃபைலை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

அதிகாரி இருந்த பக்கத்துக்குக் கடிதம் தலைகீழாகத் தெரிந்தது. கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், கண்ணைச் சுருக்கினார். ஒரு வரிகூட ஓடவில்லை.

பின்னாலேயே வந்து நின்ற இரட்டைச் சடைக்கு அவர் படுகிற பாட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“சார், நான் படிச்சுக் காட்டட்டுமா?”

“வேண்டாம்மா.”

குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. படிவத்தை எடுத்து, போட்ட இரண்டு டிக்கையும் அடித்தார்.

அந்தக் கடிதத்தில் அவரால் படிக்க முடிந்தது, கீழே இருந்த கையெழுத்தை மட்டும்தான். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அது அவருடையது.