நான்காம் பாட்டின் தாளம்

"ஆகஸ்ட் 9. நான்காம் பாட்டில் வேண்டாத சத்தம் என்று நினைத்து எதையோ அழித்துவிட்டேன். சின்னத் தவறுதான்."

மாலை வகுப்பில் ஒலிப்பதிவு படிக்கும் நிலோஃபர் இதை நாட்குறிப்பில் எழுதிவிட்டு, 'சின்ன' என்பதை மட்டும் கோடிட்டு அடித்தாள். சைமனும் அவர் மனைவி ராக்கம்மாவும் மேடையில் பாடிய நாட்டுப்புற ராக் கச்சேரியை ஆல்பமாக்குவதுதான் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. கச்சேரியன்று திரைக்குப் பின்னால் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்ததால் மேடையை அவள் பார்க்கவே இல்லை.

அன்று பகலில்தான் இருவரும் பாட்டுகளைக் கேட்க வந்திருந்தார்கள். நான்காம் பாட்டின் நடுவில் கிதார் நின்றதும் ராக்கம்மா நிமிர்ந்தார்.

"தாளம் எங்கடி?"

"தொம் தொம்னு மைக்ல ஏதோ இடிச்சுது அக்கா. வகுப்புல சொன்னபடி எடுத்துட்டேன்."

சைமன் வெடித்துச் சிரித்தார். "அது என் முதுகும்மா! தந்தி அறுந்துபோச்சு. நான் குனிஞ்சு வேற தந்தி மாட்டுறேன், இவ பாடிக்கிட்டே என் முதுகுல தாளம் போடுறா."

"பாட்டு நிக்கக் கூடாதுல்ல?" என்றார் ராக்கம்மா.

"நாம சேர்ந்து பாட ஆரம்பிச்சு பன்னெண்டு வருஷம், எங்க நின்னுது?"

ராக்கம்மா சிரிக்கவில்லை. "அந்த அடி இல்லேன்னா இந்த ஆல்பமே வேண்டாம்."

 பிரதி எடுக்காமல் எதையும் தொடுகிற பழக்கம் நிலோஃபருக்கு இல்லை. மூலப் பதிவைத் தேடி எடுத்து ஓடவிட்டாள். தொம், தொம். ராக்கம்மாவின் கை தானாக உயர்ந்தது. சைமன் முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"நாளை: அடிகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஆல்பத்தின் உறையில் குரல், கிதார் இரண்டுக்கும் கீழே 'முதுகு: சைமன்' என்று எழுத வேண்டும்."