மே மூன்றாம் தேதிக் கட்டில்

கமாண்டைத் தட்டிவிட்டு, புரோகிராமர் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பக்கத்தில் மருத்துவமனைச் சமையலறையின் மேற்பார்வையாளர், கரண்டியும் கையுமாக. கறுப்புத் திரையும் கமாண்டும் அவருக்கு ஆகவே ஆகாது. நோயாளிகளின் உணவுப் பட்டியல் கட்டம் போட்ட ஷீட்டில் வந்தால்தான் திரும்பிப் பார்ப்பார்.

அவருக்காகத்தான் போன வாரம், தன் டேட்டாபேஸ் கருவியிலிருந்து பட்டியலை ஷீட்டில் திறக்கிற மாதிரி எடுக்கும் வசதியை அவள் சேர்த்தாள். சேர்த்த கையோடு மாட்டிக்கொண்டாள்.

மூன்றாம் வார்டு, ஐந்தாம் கட்டில் என்றால் 3-5 என்று எழுதுவது இங்கே வழக்கம். அந்த அதிகப்பிரசங்கி ஷீட் அதைத் தேதி என்று நினைத்து ‘மே 3’ ஆக்கிவிட்டது.

மே 3 என்ற கட்டிலைச் சமையலறை எங்கே போய்த் தேடும்? பட்டியலில் 3-5 இல்லாததால், எல்லோருக்கும் போகிற தட்டே அந்தக் கட்டிலுக்கும் போனது.

அந்தக் கட்டில்காரர் இதய நோயாளி. உப்பு கூடவே கூடாது. தட்டை வழித்துச் சாப்பிட்டிருக்கிறார்.

மறுநாள் கால் இரண்டும் வீங்கி, மூச்சுத் திணறி, மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்.

தப்பு என்னுடையதுதான் என்று மருத்துவமனையில் எல்லோரிடமும் ஒப்புக்கொண்டாள். ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது எழுதியிருப்பது புது வடிவம். கட்டில் எண்ணை எழுத்தாகவே வைத்திருக்கும். ஷீட் அதைத் தொட முடியாது. இன்று மதியச் சாப்பாடுதான் முதல் சோதனை.

“அட, மூணு அஞ்சு அப்படியே நிக்குதே! நீ மொதல்ல கண்ணத் தொறம்மா,” என்றார் மேற்பார்வையாளர்.

திறந்து பார்த்தாள். 3-5, உப்பு கிடையாது.

அப்பாடா!

ஆனாலும் மனசு கேட்கவில்லை. உணவு வண்டியின் பின்னாலேயே மூன்றாம் வார்டுக்குப் போனாள்.

ஐந்தாம் கட்டில்காரர் ஒரு வாய் வைத்தார். முகம் அஷ்டகோணலாகியது. ஸ்பூனைத் தட்டிலேயே போட்டுவிட்டு, அவளைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார்.

“சப்புன்னு இருக்கு, மனுஷன் திம்பானா இத? போன வாரம் ஒரே ஒரு நாள் வாய்க்கு ருசியாப் போட்டாங்க. அத அனுப்பின புண்ணியவான் யாருன்னு விசாரிச்சுச் சொல்லு, கையெடுத்துக் கும்பிடணும்.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஸ்பூனைத் துடைத்து அவர் கையில் திரும்பக் கொடுத்தாள்.

“மொதல்ல சாப்பிடுங்கப்பா. நாம வீட்டுக்குப் போனதும் சொல்றேன்.”